ஏழாவது சர்வர்

கேக்கின் மேல் சிவப்பு க்ரீமில் ‘வெற்றி’ என்று எழுதியிருந்தார்கள். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது ஓரத்தில் வழிந்து அட்டையில் இறங்கியிருந்தது. சுடர்க்கொடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேறெங்கே பார்த்தாலும் வாயில் ஏதாவது வந்துவிடும் என்று. எதிரே திரைக்குப் பக்கத்தில் குமரேசன் நின்று பேசிக்கொண்டிருந்தார், அவளுக்கு மேலதிகாரி, பெண்ணுக்கு மாப்பிள்ளையும் மாப்பிள்ளைக்குப் பெண்ணும் பார்த்துக் கொடுக்கிற இந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் சங்கதிகளுக்கெல்லாம் அவர்தான் தலை. பேசட்டும். நன்றாகப் பேசுவார் மனுஷன், பேசித்தானே மேலே வந்தார். மூன்று மாசமாக ஒரு பிழை கூட இல்லை என்கிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள், அவளும் ஒருதரம் தட்டினாளோ என்னவோ, கை தானாகப் போயிருக்கும், வெட்கங்கெட்ட கை. சுவரில் கடிகாரம் பதினொன்றரையைத் தாண்டிவிட்டது. இன்றைக்குப் புதன்கிழமை, பன்னிரண்டுக்கு ராகுகாலம், அதற்குள் பெரம்பூரில் சித்தி வீட்டில் அக்காவுக்குத் தட்டு மாற்றிவிடுவார்கள். வெற்றிலை பாக்கு, பழம், ஒரு புடவை, தட்டு இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போய்விட்டால் தீர்ந்தது, வளர்மதி என்கிறவள் அந்த ஆளுடைய வீட்டுப் பெண். காலையிலிருந்து மூன்று தடவை போன் போட்டாயிற்று, எடுக்கவில்லை. புடவை கட்டுகிறவள் போனை எங்கே வைத்திருப்பாள், பீரோவுக்குள் போட்டிருப்பாள். நீ வராதேடி, வந்தா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு ஓரமா நிப்பே, அதைப் பாத்துட்டு நான் அழுதுடுவேன், ஆபீசுக்குப் போ என்று சொன்னதும் அவள்தான். சரி என்று வந்ததும் இவள்தான். வந்திருக்கக் கூடாது, அங்கேயே போய் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருக்கணும்.

எல்லாம் ஆரம்பித்தது இதே அறையில். முன்னே வாடிக்கையாளர் எல்லோருடைய விவரமும் சர்வர் என்கிற ஒரே பெரிய கம்ப்யூட்டரில் ஒரே அட்டவணையாக இருந்தது, பேர், வயசு, வேலை, ஜாதகம், என்ன மாதிரி வரன் வேணும், எல்லாம். ஜனம் சேரச் சேர அது மூச்சு வாங்க ஆரம்பித்தது. தை பிறந்தால் போதும், வழி பிறக்கிறதோ இல்லையோ சர்வர் படுத்துவிடும். அதனால் அட்டவணையை உடைத்து ஏழு சர்வர்களில் பிரித்து வைப்பது என்று முடிவாயிற்று. உடைப்பது பெரிய வித்தை இல்லை, எங்கே உடைப்பது என்பதுதான் வித்தை. சுடர்க்கொடி சொன்னாள், பதிவு எண்ணை வைத்துப் பிரிப்போம் சார், ஒண்ணாம் ஆள் ஒண்ணாவது சர்வர், ரெண்டாம் ஆள் ரெண்டாவது, எட்டாம் ஆள் மறுபடி ஒண்ணாவது, எல்லா சர்வர்லயும் எல்லாரும் கலந்து இருப்பாங்க, பாரமும் சமமா இருக்கும் என்று. குமரேசன் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு இப்போதும் காதில் இருக்கிறது. ‘ஏம்மா, நம்ம ஜனம் எப்படித் தேடுது? தன் சாதியிலதானே தேடுது. எவன் அடுத்த சாதிப் பக்கம் எட்டிப் பாக்கறான்? சாதிக்கு ஒரு சர்வர்னு வெச்சுட்டா தேடறது அங்கேயே ஆரம்பிச்சு அங்கேயே முடிஞ்சுரும், எவ்வளவு வேகம் பாரு.’ வேகம்தான், யார் இல்லை என்றது. சுடர்க்கொடி கேட்டாள், எந்தச் சாதியானாலும் சரின்னு குறிச்சிருக்காங்களே, அவங்க, சார்? ‘எத்தனை பேரு? கைவிரல்ல எண்ணிடலாம். அவங்களுக்காக ஊரையே மாத்த முடியுமா?’ எல்லோரும் தலையாட்டினார்கள். இந்தத் தேசத்திலே படிச்சவன் எங்கே போய் உட்கார்ந்தாலும் முதலில் தெருவைப் பிரிச்சிட்டுத்தான் உட்காருவான். ஆறு பெரிய சாதிக்கு ஆறு புது சர்வர் வாங்கினார்கள். மிச்சம் எல்லோரையும், சின்னச் சின்னக் கூட்டங்களையும், ஊருக்கு வெளியே தள்ளிவைக்கப்பட்டவர்களையும் சேர்த்து ‘மற்றவை’ என்று பேர் வைத்து ஏழாவது சர்வரில் கொட்டினார்கள். அதற்குப் புதுசு வாங்கவில்லை. பழைய மெஷின் ஒன்று சும்மாதானே கிடக்கிறது என்றார்கள். டீக்கடையில் தனி கிளாஸ் வைத்திருந்தானே, அவன்கூட கிளாஸை ஓட்டையாக வைக்கவில்லை. அன்றைக்கு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. வேலை வேணும், வீட்டு வாடகை இருக்கு, நாம சொன்னதைச் சொல்லிட்டோம், அதுக்கு மேல என்ன என்று உட்கார்ந்திருந்தாள். 

அக்கா இருப்பது அந்த ஏழாவதில். இருந்துதானே ஆகணும், பிறந்த இடத்தில் கிட என்பதுதானே ஏற்பாடு. எந்தச் சாதியானாலும் சரி என்று குறித்தால்கூட உன் சாதி என்ன என்று ஒரு கட்டம் இருக்கும், அதை நிரப்பாமல் உள்ளே விடமாட்டார்கள். வளர்மதி அரசுப் பள்ளியில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசிலும் காலில் கேன்வாஸ் ஷூவுமாக வெயிலில் நின்று நின்று கறுத்துப் போய், பிள்ளைகளைக் கோ-கோவில் மாவட்டம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகிறவள். அவள் புருஷன் பைக்கில் போய் லாரியில் மாட்டி இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஐந்து வருஷமும் அவள் இன்னொரு கல்யாணத்தைப்பற்றிப் பேசவில்லை, பொங்கலுக்கு வந்தவள் திடீரென்று, ஏண்டி, உங்க ஆபீஸ்ல எனக்கு ஒரு ஆளப் பாக்க முடியுமா என்றாள், பாத்திரம் கழுவிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல். சுடர்க்கொடிதான் உட்கார்ந்து பதிந்து கொடுத்தாள். எந்தச் சாதியானாலும் என்ற கட்டத்தை யோசிக்காமல் தொட்டது அக்காவின் விரல்தான். நல்லவனா இருந்தா போதும்டி, சாதியக் கட்டிக்கிட்டா குடும்பம் நடத்தப் போறேன் என்று சிரித்தாள். பாவி மகள், அந்த ஒரு தொடலுக்குத்தான் இவ்வளவு தண்டனை. மறுநாளிலிருந்து தினம் காலையில் பால் காய்ச்சும்போது திறந்து பார்ப்பாள். ‘உங்கள் விருப்பத்துக்குப் பொருந்துபவர் எவருமில்லை.’ கீழே ஒரு காலி நாற்காலிப் படம். எவன் வரைந்தானோ அந்த நாற்காலியை, அவன் வீட்டில் எல்லோரும் நன்றாயிருக்கட்டும். முதல் மாசம் வேடிக்கையாகச் சொன்னாள், உலகத்துல ஆம்பளைங்களே தீந்துட்டாங்கடி என்று. இரண்டாம் மாசம் போட்டோவை மாற்றினாள், விசில் இல்லாமல், பூ வைத்து. அப்புறம் அதைப்பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். சித்தி சொன்ன ஆளுக்குச் சரி என்று சொன்னாள். அவன் வந்து பார்த்தான், காபி குடித்தான், கல்யாணத்துக்கப்புறம் இந்தப் பேன்ட்டு, விசிலு, கிரவுண்டு இதெல்லாம் எதுக்கு, வேலைய எழுதிக் குடுத்துட்டு வீட்டப் பாத்துக்கட்டும் என்றான். அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை, சித்தியைப் பார்த்துச் சொன்னான். சுடர்க்கொடி அன்றைக்குக் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டில் டிவியை அணைத்துவிட்டார்கள். அக்கா ஒன்றும் கத்தவில்லை. வேற எவன் இருக்கான் சொல்லு, இத்தனை கோடி ஜனத்துல எனக்கு ஒருத்தனும் இல்லேன்னு அந்தப் பெட்டியே தினம் சொல்லுது, நீ செஞ்ச பெட்டிதானே, அது பொய்யா சொல்லும் என்றாள். 

இல்லை என்று சொன்னால் நம்பிவிடுவாள், அதுதான் அக்கா. அக்கா மட்டுமா. காலையில் சுடர்க்கொடி ரயிலில் வரும்போது அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தாள், அதே காலி நாற்காலி, கீழே, கடைசியா ஒருவாட்டி பாத்தேன், இன்னிக்கும் பூஜ்யம், புடவை கட்டப் போறேன் என்று. அதைப் பார்த்த எரிச்சலில்தான், ஆபீசுக்கு வந்து பையைக்கூட இறக்காமல், அக்காவின் தேடலை எடுத்து வைத்துக்கொண்டு அது எங்கெங்கே போகிறது என்று பார்த்தாள். தேடும் பகுதி அவள் கையில் இல்லை, அது குமரேசன் நேரடியாகப் பார்ப்பது, அவள் உள்ளே போனதே இன்றைக்குத்தான். தன் சாதியில் தேடுகிறவனுக்கு ஒரு கதவைத் தட்டினால் போதும். எந்தச் சாதியானாலும் என்கிறவளுக்கு ஏழு கதவையும் தட்டி, ஏழு பேரும் சொன்னதைச் சேர்த்துக் கொண்டுவரணும். ஆறு பேர் உடனே சொல்லிவிடுகிறார்கள் என்றே வைத்துக்கொள், ஏழாவது கிழட்டு மெஷின் மூச்சிரைக்கிறது. முகூர்த்த மாசமானால் முதல் சர்வரும் சேர்ந்து திணறுகிறது, ஊரில் பெரிய கூட்டம் முழுக்க அது ஒன்றின் தலையில். இவ்வளவு நேரம்தான் காத்திருப்பேன் என்று ஒரு கெடு இருக்கிறது. கெடு தாண்டினால் பதில் வரவில்லை என்றுதானே சொல்லணும், மன்னிச்சுக்கோங்க, எங்க பக்கம் கோளாறு, அப்புறம் வாங்க என்று? அப்படிச் சொல்லவில்லை. வந்த ஆறு பதிலையும் குப்பையில் போட்டுவிட்டு, எவருமில்லை என்று சொல்லச் சொல்லியிருந்தது. பக்கத்திலேயே குறிப்பு, குமரேசன் பேரில், பிழை என்று காட்டினால் வாடிக்கையாளர் பயந்துவிடுவார், காலி என்று காட்டவும். பயந்துவிடுவாராம். அடப்பாவி, பயம் காட்டினாலும் பரவாயில்லையே, அவள் நம்பிக்கையைப் பறித்துக்கொண்டாயே. சுடர்க்கொடி ஒவ்வொரு சர்வராகத் தானே போய்க் கேட்டாள், கையால், கெடு எதுவும் வைக்காமல், மாவு சலிப்பதுபோல் மெதுவாக. வந்தார்கள். நாற்பதுக்கு மேலே. அதோடு விட்டதா, அதில் சிலர், ஏழாவது கெடுவுக்குள் பதில் சொன்ன ஏதோ ஒரு ராத்திரியில் அக்காவைப் பார்த்து, அவளுக்கு எழுதியும் இருந்தார்கள். ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கிற வழியில் எழுதியதெல்லாம் சிக்கிக் கிடந்தது, ஏழாவது வாங்கிக்கொள்ளவில்லை, அனுப்பினவனுக்கு அனுப்பியாயிற்று என்று காட்டிவிட்டது. திருத்தணியில் ஒருவர், மனைவி தவறிப்போனவர், மின்வாரியத்தில் இருக்கிறார். உங்களுக்குக் கோ-கோ தெரியும் என்று போட்டிருந்தீர்கள், எனக்கு ஓட வராது, உட்கார்ந்து பார்க்கத் தெரியும், பரவாயில்லையா என்று கேட்டிருந்தார். மாசி மாசம் கேட்டிருக்கிறார். இன்னும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

சொல்லணும். சொல்லித்தான் ஆகணும். ஆனால் சொல்லி, அப்புறம்? தட்டு வைத்த சபையில் நிச்சயத்தை நிறுத்தினால் நாளைக்கு யாரைப் பேசுவார்கள், அந்த ஆளையா, அக்காவைத்தானே, ஏற்கெனவே ஒருத்தனை முழுங்கினவ என்று சொன்ன வாய்கள்தானே அதெல்லாம். சித்தி ஆறு மாசம் பேசமாட்டாள். அந்த நாற்பது பேரும் தங்கக்கட்டியா, அவர்களிலும் பேன்ட்டு விசிலு எதுக்கு என்கிறவன் இருக்கமாட்டானா, திருத்தணிக்காரர் இத்தனை நாளில் வேறு இடத்தில் முடித்திருக்கமாட்டாரா. ஒன்றுமில்லாமல் போனால் அக்கா அப்புறம் நம் முகத்தில் விழிப்பாளா. சும்மா இருந்துவிட்டால்? சும்மா இருந்துவிட்டால் அவள் சந்தோஷமாகக்கூட இருக்கலாம், யார் கண்டது, எத்தனை பெண்கள் இப்படித்தானே. இல்லை. இது என்ன யோசனை, இது குமரேசன் யோசனை அல்லவா, பயந்துவிடுவார், காலி என்று காட்டவும். நாமும் இங்கே உட்கார்ந்து அதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம்.  போனைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. வளரு, எடுடி, ஒருதரம் எடுடி. குமரேசன் அடுத்த படத்துக்குப் போயிருந்தார். புகார்கள் என்று போட்டு ஒரு பெரிய பூஜ்யம். ‘இதைப் பாருங்க, மூணு மாசத்துல புகார் பூஜ்யம்.’ பூஜ்யம். எப்படி வரும் புகார். வேகம் குறைஞ்சா புகார் பண்ணுவான், பணம் போனா புகார் பண்ணுவான், உனக்கு இந்த உலகத்துல யாருமே இல்லைன்னு சொன்னா எவன் யார்கிட்டப் போய்ப் புகார் பண்ணுவான், சத்தமில்லாம மூடி வெச்சுட்டுப் பாலை இறக்கி வெக்கப் போயிடுவான்.

‘சுடர், அந்த மெசேஜ் ரெடியா?’ என்றார் குமரேசன். கேக் வெட்டும்போது எல்லா வாடிக்கையாளருக்கும் ‘இனி இன்னும் வேகம்’ என்று ஒரு செய்தி போகணும், அனுப்பும் வேலை அவளுடையது, லேப்டாப்பில் அந்தப் பக்கம் திறந்தே இருந்தது. ரெடி சார் என்றாள். ‘ரோகிணி மேடம், நீங்க வெட்டுங்க.’ ரோகிணி மேடம் ஆபீஸ் நிர்வாகம் பார்க்கிறவர், நாற்பதைத் தாண்டியவர், யாருக்குப் பிறந்த நாள் என்றாலும் கேக் சொல்வது அவர், மெழுகுவர்த்தி வாங்குவது அவர், மத்தியானம் தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பவரும் அவர். அவருக்குக் குடும்பம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை, மேடம் என்று கூப்பிட்டால் போதுமே. கத்தியில் ரிப்பன் கட்டியிருந்ததை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அப்போது சுடர்க்கொடியின் போன் மேசையில் அதிர்ந்தது. அக்கா.

வெளியே போய்ப் பேசலாம் என்று எழுந்தவள், எதற்குப் போகணும் என்று அங்கேயே நின்றாள். ‘என்னடி, மூணு தடவை அடிச்சிருக்கே, உனக்கு ஏதாவது ஆயிடுச்சா?’ பின்னால் சித்தியின் குரல், நேரமாகுது வளரு, தட்டை எடும்மா.

‘தட்டு மாத்தியாச்சா?’

‘எடுக்கப் போறாங்க. ஏன்?’

‘அக்கா, அது பொய் சொல்லிடுச்சி. ஆளுங்க இருக்காங்க. உனக்கு எழுதிக்கூட இருக்காங்க. பதில் வர நேரமானா இல்லேன்னு காட்டச் சொல்லி வெச்சிருக்காங்க இங்க. நீ பாத்த நாற்காலி எல்லாம் பொய்.’ குமரேசன் கையிலிருந்த லேசர் குச்சியின் சிவப்புப் புள்ளி திரையில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஆடாமல் நின்றது. அக்கா அழுகிறாளா, போனை வைத்துவிட்டாளா, பைத்தியக்காரி இப்பப் போய்ச் சொல்றியே என்று திட்டப் போகிறாளா. சுடர்க்கொடி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

‘எத்தனை பேருடி?’ என்றாள் அக்கா. மெதுவாகத்தான் கேட்டாள்.

‘நாப்பதுக்கு மேல.’

‘அவங்களுக்கும் யாருமில்லேன்னுதானே காட்டியிருக்கும்?’

அது சுடர்க்கொடிக்குத் தோன்றவே இல்லை. காலையிலிருந்து இவ்வளவு கோபப்பட்டாளே, அத்தனையும் தன் அக்காவுக்காக. அந்தப் பக்கமும் ஒரு அடுப்படி, ஒரு காலி நாற்காலி, நமக்கு இவ்வளவுதான் என்று ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டிய ஒரு ஆள், ஒருத்தி. ‘ஆமா’ என்றாள். ‘என்கிட்டச் சொல்ல நீ இருக்கே. அவங்களுக்கு யார் இருக்கா?’ என்று கேட்டாள் அக்கா, பிறகு வாயைப் போனிலிருந்து திருப்பி, கிரவுண்டில் பேசுகிற குரலில், ‘சித்தி, தட்டைக் கீழ வைங்க. எனக்கு இது வேணாம்’ என்றாள். அங்கே ஏதோ பாத்திரம் உருண்டது, யாரோ என்னம்மா சொல்றே என்றார்கள், அப்புறம் போன் நின்றுவிட்டது.

‘சுடர், என்ன இது, மீட்டிங் நடக்குதில்ல?’ என்றார் குமரேசன். அவள் உட்கார்ந்தாள். இனி இன்னும் வேகம் என்பதை அழித்தாள்.  எல்லோருக்கும் என்பதை எடுத்துவிட்டு, எந்தச் சாதியானாலும் சரி என்று குறித்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றினாள். கைவிரலில் எண்ணிவிடலாம் என்றாரே, எண்ணிக்கை பக்கத்தில் வந்து நின்றது, ஒரு சின்ன டவுனே இருந்தது அதில். எழுதினாள்: ‘உங்களுக்குப் பொருந்துபவர் எவருமில்லை என்று இத்தனை நாளும் காட்டினோம். அது உண்மை அல்ல. ஆட்கள் இருக்கிறார்கள். நாங்கள்தான் சரியாகக் கேட்டுச் சொல்லவில்லை.’ குமரேசன் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது தெரிந்தது, மூச்சில் ஏலக்காய் வாசனை. ‘ஏய், என்ன எழுதறே? வேலை போயிரும், சொல்லிட்டேன்’ என்றார். போகட்டும் சார், என்றாள், திரும்பாமல். அனுப்பினாள்.

 பிறகு கேக்குக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த போன் ஒன்று அதிர்ந்தது, க்ரீமை லேசாகத் தொட்டுக்கொண்டு. ரோகிணி மேடம் அதைத் திருப்பிப் படித்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். குமரேசன் அவரைப் பார்த்தார், மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் பார்த்தார்கள், அவர் யாரையும் பார்க்கவில்லை. கையிலிருந்த கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

‘எனக்கு எத்தனை பேர் இருந்தாங்க சுடர்?’ என்று கேட்டார்.